லீட்ஸிலிருந்து ஒரே நாளில் போய்வர இடம் சொல்லுங்கள் (கார் இல்லை, வயதான பெற்றோர், ஆறு வயது மகள்)

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். லீட்ஸில் ஹெடிங்லி பக்கம் இருக்கிறோம். மே மாதம் மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். ஆகஸ்ட் வரை இருப்பார்கள். எனக்கும் கணவருக்கும் வார நாட்களில் வேலை என்பதால் சனி, ஞாயிறுதான் வெளியே கூட்டிப்போக முடியும். கார் இல்லை, இப்போதைக்கு வாங்கும் எண்ணமும் இல்லை.

அப்பா தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முட்டி வலி. சமதளம் என்றால் மெதுவாக எவ்வளவு தூரமும் வந்துவிடுவார், படியும் ஏற்றமும்தான் ஆகாது. சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

காலையில் கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும். லண்டன், எடின்பரோ எல்லாம் தனியாகத் திட்டம் போட்டாயிற்று. இணையத்தில் தேடினால் காரில் போகிறவர்களுக்கான பட்டியலாகவே வருகிறது. பெரியவர்களை அழைத்துக்கொண்டு போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேற்குக்காற்று எழுதியது:

விட்பி. அதைப் பார்க்காமல் யார்க்‌ஷயரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. ஆறு கடலில் சேரும் துறைமுகம், குன்றின் மேல் இடிந்து நிற்கும் மடாலயம், கேப்டன் குக் இளைஞராக வந்து கப்பல் தொழில் கற்றுக்கொண்ட ஊர். அவர் ஆஸ்திரேலியா வரை கொண்டுபோன எண்டெவர் கப்பலும் அங்கே கட்டியதுதான். ஒரு நாளைக்குக் கார் வாடகைக்கு எடுங்கள், இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம்.

வைகைக்கரை எழுதியது:

நன்றி. மடாலயத்துக்குப் படி ஏற வேண்டுமா?

மேற்குக்காற்று எழுதியது:

ஊருக்குள்ளிருந்து ஏறினால் 199 படி. காரில் போனால் மேலேயே நிறுத்த இடம் உண்டு, ஏறவே வேண்டாம். அதனால்தான் கார் என்றேன்.

தண்டவாளம் எழுதியது:

விட்பி அருமையான ஊர், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேட்டவர் கார் இல்லை என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டார். லீட்ஸ், யார்க், மால்ட்டன், பிக்கரிங் வழியாக விட்பிக்கு கோஸ்ட்லைனர் பஸ் போகிறது. மூர் என்று சொல்லும் அந்த மேட்டுநிலத்தைத் தாண்டிப் போகும் தடம் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல், திரும்பவும் அதே அளவு. முட்டி வலி உள்ளவரை ஒரே நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் பஸ் சீட்டில் காலை மடக்கி உட்காரவைக்க வேண்டாம்.

லீட்ஸில் இருப்பவர்கள் தூரத்து ஊர்ப் பெயர்களைத் தேடி ஓட வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். இந்த ஊரின் செல்வமே ஸ்டேஷனிலிருந்து நாலா பக்கமும் பிரியும் ரயில் பாதைகள்தான். கால் மணி நேரத்தில் ஒரு பாரம்பரியக் கிராமம், அரை மணி நேரத்துக்குள் யார்க், ஒன்றரை மணி நேரத்தில் ஆள் அரவமில்லாத மலைவெளி. அதிலும் உங்கள் அப்பா ரயில்வேக்காரர்! அவருக்கு முதலில் காட்ட வேண்டியது செட்டில் - கார்லைல் பாதை.

லீட்ஸில் ஏறினால் ஸ்கிப்டன் வரை சாதாரணப் பாதை. செட்டில் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். வலப்பக்கம் பென்-இ-கென்ட் மலை, இடப்பக்கம் இங்கிள்பரோ, அப்புறம் வெர்ன்சைடு. அந்த மலைகளுக்கு நடுவே ரிப்பிள்ஹெட்டில் 24 கண் பாலம். நீளம் 400 மீட்டர், உயரம் 30 மீட்டருக்கு மேல். செங்கோட்டைப் பாதையில் கழுதுருட்டி 13 கண் பாலம் உங்கள் அப்பாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். இதைப் பார்த்ததும் அவரே ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்.

பாதை வேலை 1869-ல் தொடங்கி, 1876-ல் பயணிகள் ரயில் ஓடியது. பாலத்தின் அடியில் இன்று வெறும் புல்வெளியாகத் தெரியும் இடத்தில்தான் தொழிலாளிகள் குடும்பத்தோடு குடிசை போட்டு வாழ்ந்தார்கள். விபத்திலும் பெரியம்மையிலும் நிறையப் பேர் செத்துப்போனார்கள். பக்கத்தில் சாப்பல்-லி-டேல் தேவாலயத்தில் அவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது. பாலத்தைப் படம் எடுக்கிறவர்கள் பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலே திரும்புகிறார்கள். மகளுக்கும் சொல்லுங்கள்.

1980-களில், பாலத்தைச் செப்பனிடச் செலவு அதிகம் என்று பாதையையே மூடப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஆட்சேபம் எழுதினார்கள். அதில் ரஸ்வார்ப் என்ற நாயின் காலடித் தடமும் ஒன்று. கட்டணம் கட்டிப் பயணம் செய்த நாய் என்பதால் அதையும் முறையான ஆட்சேபமாக ஏற்றுக்கொண்டார்கள். 1989-ல் பாதை தப்பியது. அந்த நாய்க்குக் கார்ஸ்டேல் ஸ்டேஷனில் வெண்கலச் சிலை இருக்கிறது.

வைகைக்கரை எழுதியது:

அப்பாவிடம் போனில் 24 கண் பாலம் என்று சொன்னதுமே "எந்த வருஷம் கட்டினது, கல்லா செங்கல்லா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அம்மா அங்கே நடக்க முடியுமா? மூன்று தலைமுறையும் ஒன்றாகப் போனால் டிக்கெட் செலவு எக்கச்சக்கமாக ஆகுமே?

தண்டவாளம் எழுதியது:

தூண்கள் சுண்ணாம்புக் கல். வளைவுகளின் உட்பக்கம் செங்கல்.

ரிப்பிள்ஹெட் ஸ்டேஷனிலிருந்து பாலத்தடிக்குச் சரளைப் பாதை, சில நிமிட நடை, பெரிய ஏற்றம் இல்லை. அம்மாவுக்குச் சிரமம் என்றால் பாதி தூரம் வந்தாலே முழுப் பாலமும் தெரியும்.

கவனிக்க வேண்டியது ரயில் நேரம். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு, அதனால் சனிக்கிழமை போங்கள். திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அங்கே காற்று பலமாக அடிக்கும். ஜூன் மாதமாக இருந்தாலும் அம்மாவுக்குக் காதை மூடும் குல்லாவும் கனமான மேல்கோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லீட்ஸில் வெயில் அடிக்கும் நேரத்தில் அங்கே மழை கொட்டிக்கொண்டிருக்கலாம்.

டிக்கெட்டுக்கு ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு வாங்குங்கள். 2025 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 35 பவுண்டு. நான்கு பெரியவர்கள், நான்கு குழந்தைகள் வரை ஒரே கார்டில் போகலாம். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் குழந்தைக்கு 60 சதவீதமும் குறையும். 5 முதல் 15 வயதுக்குள் ஒரு குழந்தையாவது கூட வர வேண்டும், உங்களுக்கு அது பொருந்துகிறது. பேத்தி பள்ளிக்குப் போயிருக்கும்போது அப்பாவும் அம்மாவும் மட்டும் எங்காவது போவார்கள் என்றால் சீனியர் ரயில்கார்டும் வாங்கலாம். 60 வயது ஆகியிருந்தால் போதும், இந்த நாட்டில் குடியிருப்பவராக இருக்கத் தேவையில்லை. வயதுக்கு ஆதாரமாக இந்தியப் பாஸ்போர்ட் செல்லும்.

வன்னிமகள் எழுதியது:

நான் பிராட்ஃபோர்டில் இருக்கிறேன், தங்கச்சி. என் அம்மாவுக்கும் முழங்கால் ஏலாது, அதனால் இந்தப் பக்கத்தில் எங்கே ஏற்றம், எங்கே இருக்கை என்று எனக்கு நல்லாத் தெரியும்.

அம்மாவை முதலில் சால்டெய்ருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்கிப்டன் போகும் ரயிலில் கால் மணித்தியாலம்தான். டைட்டஸ் சால்ட் என்ற ஆலை முதலாளி தன் தொழிலாளருக்காகக் கட்டின கிராமம். ஆலையை 1853-ல் அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளில் திறந்தார்கள். அல்பாகா என்ற தென்னமெரிக்க மிருகத்தின் ரோமத்தில் துணி நெய்து பணக்காரனானவர். பிராட்ஃபோர்டின் புகையும் அழுக்குத் தண்ணீரும் வேண்டாம் என்று நகரத்துக்கு வெளியே ஆலை, வீடுகள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பூங்கா எல்லாம் கட்டிக்கொடுத்தார். சாராயக் கடைக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. தெருக்களுக்கு மனைவி, பிள்ளைகளின் பெயர்கள். 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆலைக்குள் போக இலவசம். பிராட்ஃபோர்டில் பிறந்த ஓவியர் டேவிட் ஹாக்னியின் படங்கள் நிறைய இருக்கின்றன, பெரிய புத்தகக் கடையும் உண்டு. ஸ்டேஷனில் இறங்கினால் ஆலை பக்கத்திலேயே. அதைத் தாண்டினால் கால்வாய், பிறகு ஆறு, அக்கரையில் ராபர்ட்ஸ் பூங்கா. கட்டுச்சோற்றை அங்கே பிரித்துச் சாப்பிடலாம். பிள்ளை ஓடி விளையாட இடம் தாராளம்.

அப்பாவுக்கு நடக்க விருப்பம் என்றால் கால்வாய்க் கரையோடே பிங்லிக்கு நடக்கலாம், பெரும்பாலும் சமதளம். முடிவில் ஃபைவ் ரைஸ் லாக்ஸ் வரும்: 1774-ல் திறந்த ஐந்து அடுக்கு மதகு, படகை ஏறக்குறைய 18 மீட்டர் மேலே தூக்கிவிடும். பிரித்தானியாவில் இதைவிடச் செங்குத்தான மதகுப் படிக்கட்டு இல்லை. படகு ஏறும் நேரம் போனால் ஒவ்வொரு அறையாகத் தண்ணீர் நிரம்புவதைப் பிள்ளை நின்று பார்க்கும். அம்மா அடுத்த ரயிலில் பிங்லி வந்து சேரலாம், சால்டெய்ருக்கு அடுத்த ஸ்டேஷன்தான். மதகுக் கரையோரம் மட்டும் ஏற்றம், அவர் கீழே நின்றே பார்க்கட்டும்.

மேற்குக்காற்று எழுதியது:

ஹாவர்த் சொல்ல மாட்டீர்களா? நாவலாசிரியர்களான பிராண்டி சகோதரிகளின் ஊர், நீராவி ரயில் வேறு.

வன்னிமகள் எழுதியது:

நீராவி ரயில் சரி. கீத்லியில் ஏறி ஆக்ஸன்ஹோப் வரை 5 மைல் போய், இறங்காமலே திரும்பலாம். 1968-ல் ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் மீட்டெடுத்த பாதை. அந்தச் சின்ன ஸ்டேஷன்கள் எல்லாம் வாயு விளக்கும் பழைய விளம்பரத் தகடுமாக அழகாய் இருக்கும்.

ஆனால் ஹாவர்த் ஊருக்குள் வேண்டாம் என்பேன். ஸ்டேஷன் பள்ளத்தில், பிராண்டி குடும்பம் வாழ்ந்த போதகர் இல்லம் மேட்டில். இரண்டுக்கும் நடுவே கல் பாவிய செங்குத்தான தெரு. நல்ல முழங்காலுக்கே நோகும். நீங்களும் கணவரும் தனியாகப் போகக் கிடைத்தால் கட்டாயம் போங்கள். வீட்டைச் சுற்றிக் கல்லறைகள் நெருக்கியடித்து நிற்கும். 1850-ல் அரசாங்கத்தின் சுகாதார அறிக்கை எழுத வந்த பாப்பேஜ், இந்த ஊரின் குடிநீரும் வடிகாலும் எவ்வளவு மோசம் என்று விவரமாகவே எழுதியிருக்கிறார். மூன்று சகோதரிகளும் நாற்பதைத் தொடாமல் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே நின்றால் அது மனத்தை என்னமோ செய்யும்.

பிராட்ஃபோர்டுக்கு வந்தால் லீட்ஸ் ரோட்டில் லட்சுமி நாராயணன் கோயில் இருக்கிறது, 2007-ல் எலிசபெத் மகாராணி வந்து திறந்தது. அம்மா சந்தோஷப்படுவார்.

கீழைக்கரை எழுதியது:

யார்க் யாருமே சொல்லவில்லையே! லீட்ஸிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. தேசிய ரயில்வே அருங்காட்சியகம் ஸ்டேஷனுக்குப் பின்னால்தான், நுழைவு இலவசம். 1938-ல் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி, நீராவி என்ஜின்களில் உலக சாதனை படைத்த மல்லார்ட் அங்கே நிற்கிறது. ஜப்பானின் முதல் தலைமுறை ஷின்கான்சென் புல்லட் ரயில் பெட்டிக்குள் ஏறி உட்காரலாம். உங்கள் அப்பாவை உள்ளே விட்டால் மாலை மூடும் வரை வெளியே வர மாட்டார். அதற்கேற்ப நேரம் ஒதுக்குங்கள்.

மின்ஸ்டர் பேராலயத்துக்கு டிக்கெட் உண்டு. வெளியே நின்று பார்த்தாலும் மலைப்பாக இருக்கும். நகர மதில் மேல் நடப்பது இலவசம், ஆனால் ஏறி இறங்கப் படிகள், சில இடத்தில் ஓரத் தடுப்பு இல்லை. மகளின் கையை விடாதீர்கள். அம்மா அந்த நேரம் மியூசியம் கார்டன்ஸ் பூங்காவில் உட்காரலாம்.

தண்டவாளம் எழுதியது:

இதோடு ஒன்று சேர்க்கிறேன். யார்க் போய்விட்டு வந்த பாதையிலேயே திரும்பாமல், நேர்ஸ்பரோ, ஹாரோகேட் வழியாக லீட்ஸ் வரும் பாதையில் வாருங்கள். முழு வட்டம் அடித்த மாதிரி இருக்கும். நேர்ஸ்பரோவில் நிட் ஆற்றுப் பள்ளத்தின் மேல் ரயில் பாலத்தைத் தாண்டும் அந்தச் சில நொடிகளுக்காகவே போகலாம். முதலில் கட்டிய பாலம் வேலை முடியும் தறுவாயில் 1848-ல் இடிந்து ஆற்றில் விழுந்தது. இப்போது நிற்பது 1851-ல் திறந்தது. சாதாரண யார்க் ரிட்டர்ன் டிக்கெட்டை நம்பி ஏறிவிடாதீர்கள். எந்த டிக்கெட் இந்த வழிக்குச் செல்லும் என்று கவுன்டரில் கேட்டு வாங்குங்கள்.

மலைப்பாதை எழுதியது:

போல்டன் அபியும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடை ஞாயிறுகளில் டேல்ஸ்பஸ் ஓடுகிறது. வார்ஃப் ஆற்றங்கரையில் 12-ஆம் நூற்றாண்டு மடாலயத்தின் இடிபாடு, ஆற்றைத் தாண்ட வரிசையாக நட்ட கற்கள், பக்கத்திலேயே பாலமும் உண்டு. அம்மாவுக்குப் பாலம், பேத்திக்குக் கல்.

ஒரு எச்சரிக்கை. ஆற்றோரமாகவே மேலே நடந்தால் ஸ்ட்ரிட் என்ற இடம் வரும். அகலமான ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி, தாண்டிக் குதித்துவிடலாம் போலத் தெரியும். அகலத்தில் ஓட வேண்டிய அத்தனை தண்ணீரும் அங்கே ஆழத்தில் ஓடுகிறது. கரைப் பாறைக்கு அடியிலும் நீர் குடைந்திருக்கிறது, பாறை எப்போதும் வழுக்கும். விழுந்து உயிர் விட்டவர்கள் உண்டு. குழந்தையோடு போகும்போது பாதையிலிருந்து பாறைப் பக்கம் இறங்கவே வேண்டாம். நம் ஊரில் சுழல் உள்ள ஆறு எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களும் இதைப் பார்த்துச் சின்ன ஓடை என்று நினைத்துவிடுவார்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மலைப்பாதை அண்ணா, குறித்துக்கொண்டேன். மகள் துறுதுறுவென்று இருப்பாள், ஸ்ட்ரிட் பக்கம் போகப் போவதில்லை.

அம்மா கடலும் பார்க்க ஆசைப்படுகிறார். விட்பி தவிர வேறு கடற்கரை உண்டா? சாப்பாட்டுக்கு வெளியே என்ன கிடைக்கும்?

கீழைக்கரை எழுதியது:

ஸ்கார்பரோ. யார்க் வழியாக ரயில், பெரும்பாலும் யார்க்கில் மாற வேண்டியிருக்கும். இரண்டு வளைகுடா, நடுவே துருத்தி நிற்கும் பாறையில் கோட்டை. ஸ்டேஷனிலிருந்து தெற்குக் கடற்கரைக்கு இறங்க 1881-ல் தொடங்கிய சென்ட்ரல் டிராம்வே இருக்கிறது, கம்பிவடத்தில் இழுத்து மேலேயும் கீழேயும் போகும் பெட்டி. அம்மா படியில் கால் வைக்காமல் மணலுக்குப் போய்விடலாம். மேற்குக்காற்று சொன்ன பிராண்டி சகோதரிகளில் ஆன் இங்கேதான் 1849-ல் இறந்தார், கல்லறையும் இங்கேதான்.

மேற்குக்காற்று எழுதியது:

சென்ட்ரல் டிராம்வே இருப்பதால் ஸ்கார்பரோவை ஒப்புக்கொள்கிறேன். விட்பியை அடுத்த முறைக்கு வையுங்கள். இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒருவழிக் கட்டணம் 3 பவுண்டைத் தாண்டாது என்ற வரம்பு 2025-லிருந்து இருக்கிறது. நீங்களும் கணவரும் மட்டும் ஒரு நாள் கோஸ்ட்லைனரில் ஏறுங்கள், விட்பியை நானாகச் சொல்ல வேண்டியதே இருக்காது.

வன்னிமகள் எழுதியது:

சாப்பாடு பற்றி முக்கியமான விஷயம், தங்கச்சி. கடற்கரையில் அம்மாவுக்கு வெறும் உருளைக்கிழங்கு சிப்ஸ்தானே என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். யார்க்‌ஷயரில் மீன் சிப்ஸ் கடைகள் பலவற்றில் இன்னும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள், அதுதான் இந்தப் பக்கத்து ருசி என்று பெருமையாகப் பலகையிலும் எழுதியிருப்பார்கள். எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் உண்டு. வரிசையில் நிற்பதற்கு முதல் கேளுங்கள், ஒளிக்காமல் சொல்வார்கள்.

மற்றபடி கட்டுச்சோறுதான் நிம்மதி. புளிச்சாதம், இட்லி, பிளாஸ்கில் தேத்தண்ணி. ரயிலில் சாப்பிட ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ரிப்பிள்ஹெட் போகும் நாளில் கட்டாயம் கட்டிக்கொண்டு போங்கள், அங்கே கடைத்தெரு என்று ஒன்றும் கிடையாது.

மலைப்பாதை எழுதியது:

ரிப்பிள்ஹெட்டில் இறங்கிப் பாலம் பார்த்துவிட்டு, அடுத்த ரயிலில் செட்டில் வந்து இறங்குங்கள். ஸ்டேஷனிலிருந்து சந்தைச் சதுக்கம் ஐந்து நிமிடம். அம்மா சூடாக ஏதாவது குடித்து உட்கார்ந்து இளைப்பாறலாம், கழிப்பறையும் கிடைக்கும். அதற்கடுத்த ரயிலில் லீட்ஸ். கார்லைல் வரை போனால் ஒரு பக்கமே இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். அது அப்பாவும் நீங்களும் மட்டும் போகும் நாளுக்கு.

தண்டவாளம் எழுதியது:

இதை நானும் வழிமொழிகிறேன்.

கடைசியாக ஒன்று. லீட்ஸை விட்டே வெளியே போகாத ஒரு நாளும் வையுங்கள். ஹன்ஸ்லெட்டில் மிடில்டன் ரயில்வே இருக்கிறது. 1758-ல் பாராளுமன்றச் சட்டத்தின் கீழ் நிலக்கரி இழுக்கப் போட்ட பாதை, அன்றிலிருந்து விடாமல் ஓடும் உலகின் மிகப் பழைய ரயில்வே. 1812-ல் வணிகரீதியில் நீராவி என்ஜின் முதலில் ஓடி வெற்றி பெற்றது இங்கேதான். வழுக்காமல் இழுக்க, தண்டவாளத்தின் ஓரத்தில் பல் வைத்து, என்ஜினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு போகும்படி செய்தார் ஜான் பிளென்கின்சாப். மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையில் நடுவே ஓடும் பல் தண்டவாளத்தைப் பார்த்தவருக்கு, அந்த யோசனை முதலில் வேலைக்கு வந்த இடம் என்று இதைக் காட்டினால் போதும். 1960-லிருந்து தொண்டர்கள் நடத்துகிறார்கள். பெரும்பாலும் வார இறுதியில்தான் ஓடும், நாட்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வைகைக்கரை எழுதியது:

இந்த இழையை அப்படியே அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் வரிசையை மாற்றிவிட்டார்: முதலில் மிடில்டன், அப்புறம் யார்க், அப்புறம் ரிப்பிள்ஹெட். அம்மாவுக்கு முதல் சனிக்கிழமை சால்டெய்ர்தான் வேண்டுமாம், அதுவும் பிராட்ஃபோர்டு கோயிலோடு சேர்த்து. வன்னிமகள் அக்கா, ஒரே நாளில் இரண்டும் முடியுமா?

வன்னிமகள் எழுதியது:

தாராளமாக முடியும். காலையில் கோயில், பத்தரை பதினொரு மணிக்குப் பிராட்ஃபோர்டு ஃபார்ஸ்டர் ஸ்குவேரில் ரயில் ஏறினால் சால்டெய்ரில் மதியச் சாப்பாடு. பின்னேரம் அங்கிருந்து நேரே லீட்ஸ் போகலாம். கோயில் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று மட்டும் முதல் நாள் போன் செய்து கேட்டுவிடுங்கள்.